ஓய்வெடுத்துக் களைத்துப் போனேன்

பேர்கன், நோர்வே.
ஞாயிற்றுக்கிழமை, மழை.

அன்புள்ள சின்னமாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. மாமியின் முழங்கால் நோவுக்கு அந்தப் புது எண்ணெய் கேட்டதா?

போன கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "உங்கை நாலு மணிக்கே வேலை முடியுதாம், சனி ஞாயிறு லீவாம், வருசத்திலை அஞ்சு கிழமை விடுமுறையாம். இவ்வளவு நேரத்தையும் வைச்சுக்கொண்டு என்னடா செய்யிறியள்?" நான் பதில் சொல்லத் தொடங்க, "சரி சரி, பெடியள் வந்திட்டாங்கள், 304 தொடங்கப் போகுது" என்று போனை வைத்துவிட்டீர்கள். அதுதான் கடிதமாக எழுதுகிறேன். சீட்டாட்டம் முடிந்த பிறகும் வாசிக்கலாம்.

உங்களுக்கு ஓய்வு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பின்னேரம் பருத்தித்துறை முனைக் கடற்கரையில், காற்று வரும் பக்கமாகச் சாக்கை விரித்து, சேட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, துரும்பு எவன் கையில் என்று யோசிப்பது. இடையில் ஒரு பிளேன்ரீ. உடம்பை அசைக்காமல் இருப்பதுதான் ஓய்வு என்பது எங்கள் ஊர்ச் சட்டம். இங்கே அதற்குப் பெயர் வருத்தம். வேலையிடத்தில் திங்கட்கிழமை காலையில் முதல் கேள்வி, "சனி ஞாயிறு எங்கே நடக்கப் போனாய்?" என்பதுதான். "வீட்டில் படுத்திருந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஏன், காய்ச்சலா?" என்று மெய்யான இரக்கத்தோடு கேட்பார்கள். ஓய்வு என்றால் வியர்க்க வேண்டும், நனைய வேண்டும், முடிந்தால் காலில் ஒரு கொப்புளமாவது வர வேண்டும். கொப்புளம் வந்தவருக்கு அன்று முழுக்கத் தனி மரியாதை.

முதலில் மழையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் வருடத்துக்கு 2200 மில்லிமீற்றருக்கு மேல் மழை. யாழ்ப்பாணத்தில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2006 ஒக்ரோபர் கடைசியில் தொடங்கிய மழை 2007 ஜனவரி 21 வரை 85 நாள் விடாமல் பெய்ததாகக் கணக்கு இருக்கிறது. அதை இந்த ஊர்ச் சனம் துக்கமாகச் சொல்வதில்லை, கந்தசுவாமியார் தேர் எங்கள் தெருவால்தான் போகும் என்கிற மாதிரிப் பெருமையாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் மாரிமழை பிடித்தால் பள்ளிக்கூடம் பாதி காலி. இங்கே பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தலையிலிருந்து கால்வரை றப்பர் உடுப்பைப் போட்டு மழைக்குள் திறந்துவிடுகிறார்கள். கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் குளிருக்குள், வாசலுக்கு வெளியே நித்திரையாக்குகிறார்கள். மாமி இதைக் கண்டால் பொலிசுக்குப் போன் எடுப்பா.

கெட்ட காலநிலை என்று ஒன்று இல்லையாம், கெட்ட உடுப்புத்தான் இருக்கிறதாம். நான் சந்தித்த ஒவ்வொரு நோர்வேக்காரரும் இதைத் தானே கண்டுபிடித்ததுபோல எனக்குச் சொல்லியிருக்கிறார். சொன்ன ஆட்கள் எல்லோரும் மிகவும் விலை கூடின உடுப்புப் போட்டிருந்தார்கள் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். குடை இங்கே உதவாது. கடல்காற்று ஒரே உதறலில் அதைத் திருப்பிவிடும். புயல் அடித்த மறுநாள் காலையில் தெருக் குப்பைத்தொட்டி எல்லாம் கம்பி முறிந்த குடைகள்தான்.

அடுத்தது மலை. பருத்தித்துறையில் ஏறுவதற்கு வெளிச்சவீடு ஒன்றுதான் இருந்தது, அதற்கும் எங்களை விடுவதில்லை. பேர்கனைச் சுற்றி ஏழு மலை. அதில் ஃப்ளோயன் என்கிற மலைக்கு 1918இலிருந்து கேபிளில் இழுக்கிற ரயில் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் மேலே இறக்கிவிடும். அதில் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். ஊர்ச் சனம் பக்கத்தில் இருக்கிற பாதையால் மூச்சிரைக்க நடக்கிறது. ரயில் இருக்கும்போது ஏன் நடக்க வேண்டும் என்று என்னோடு வேலை செய்கிறவரிடம் கேட்டேன். "ரயிலில் போனால் மேலே வாஃபிள் சாப்பிடுகிற உரிமை கிடையாது" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அது சின்ன மலை. ஸ்தோல்ட்செகிளைவன் என்று இன்னொரு பாதை. 800க்கு மேல் கற்படிகள், ஒரு கிலோமீற்றருக்குள் 300 மீற்றருக்கு மேல் ஏற்றம். நேபாளத்திலிருந்து ஷெர்பாக்களை வரவழைத்துப் படிகளைச் சீராக்கியிருக்கிறார்கள். ஷெர்பாக்களே வந்து திருத்த வேண்டிய படி என்றால் அது எப்படிப்பட்ட படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பின்னேரத்தில் சனம் இதில் ஓடி ஏறுகிறது. ஏறி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, போன தடவையைவிட எத்தனை விநாடி குறைந்தது என்று சந்தோசப்பட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறது. பாதிப் படியில் நான் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்க, மாமியின் வயது மதிக்கத்தக்க ஒரு மனிசி ஊன்றுதடி இல்லாமல் என்னைத் தாண்டிப் போனா. போகும்போது சிரித்து வணக்கமும் சொன்னா. இது மலைக்கு மட்டும் உரிய மரியாதை. அதே மனிசி கீழே பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவா. இவர்களோடு சிநேகம் பிடிக்க ஆசையென்றால் 300 மீற்றர் உயரத்துக்கு மேலே போய்த்தான் பிடிக்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் ஏழு மலையையும் ஒரே நாளில் ஏறி இறங்குகிற நடை ஒன்று உண்டு. 35 கிலோமீற்றர். அதற்குக் காசு கட்டிப் பேர் பதிய வேண்டும். நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லாமல் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீங்கள் நம்பாத ஒன்று சொல்கிறேன். 1957இலிருந்து இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. பயிர் செய்யாத காணி யாருடையதாக இருந்தாலும் அதற்குள்ளால் எவரும் நடக்கலாம். ஆட்கள் குடியிருக்கிற வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி, கேட்காமலே இரண்டு இரவு கூடாரம் அடித்துப் படுக்கலாம். காணிக்காரர் வந்து "ஆரடா நீ?" என்று கேட்க முடியாது. பக்கத்து வளவுக்காரர் கதியாலை அரை முழம் தள்ளி நட்டார் என்று நீங்கள் இத்தனை வருடமாய் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருக்கிறீர்கள். இந்தச் சட்டம் யாழ்ப்பாணத்துக்கு வந்தால் அரைவாசி அப்புக்காத்துமாருக்குத் தொழில் இல்லாமல் போய்விடும்.

இனி ஹித்த. ஹித்த என்பது காட்டுக்குள் அல்லது கடலோரத்தில் இருக்கிற சின்ன மரவீடு. ஐம்பத்தைந்து இலட்சம் சனம் இருக்கிற இந்த நாட்டில் நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹித்த இருக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லா வசதியோடும் கட்டுகிறார்கள். ஆனால் பழைய ஆட்கள் அதை மதிப்பதில்லை. உண்மையான ஹித்தயில் ஒன்றும் இருக்கக்கூடாது. எங்கள் மேலாளர் ஒரு தடவை எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டார். பெரிய சம்பளக்காரர், நகரத்தில் நிலம் சுடுகிற குளியலறையோடு வீடு. அவருடைய ஹித்தயில் கரண்ட் இல்லை. தண்ணீர் வாளியில் அள்ளி வர வேண்டும். விறகு கொத்த வேண்டும். கக்கூஸ் வளவுக் கோடியில் பலகையால் அடித்தது, உள்ளே சுவரில் அரசர் குடும்பத்தின் படம். அது அவமரியாதை இல்லையாம், பழைய வழக்கமாம். கரவெட்டி அம்மாச்சி வீட்டில் இருந்த அத்தனை வசதியும் அங்கே இருந்தது, அரசர் படத்தைத் தவிர.

இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் பூரித்துப்போய் இருந்தார். நானும் சின்ன வயதில் கரண்ட் இல்லாமல்தான் வளர்ந்தேன், ஜாம்போத்தல் விளக்கில்தான் படித்தேன் என்று சொன்னேன். "அப்படியா! எவ்வளவு அமைதியாக இருந்திருக்கும்!" என்றார். ஷெல் அடித்த கதையை நான் எடுக்கவில்லை. அவருடைய வாஃபிள் ஆறிவிடும்.

உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு எல்லோரும் பனிமலைக்குப் போவார்கள். கொண்டு போவது தோடம்பழம், க்விக் லுன்ஷ் என்கிற சொக்லேற், கொலைக்கதைப் புத்தகம். சொக்லேற் 1937இலிருந்து வருகிறது. உறையின் உட்பக்கத்தில் மலையில் எப்படி நடக்க வேண்டும் என்று ஒன்பது விதி அச்சடித்திருக்கும். நேரத்தோடு திரும்பி வா, திரும்புவதில் வெட்கமில்லை என்பது எட்டாம் விதி. எனக்குப் பாடமாக இருப்பது அந்த ஒன்றுதான், அதை நான் வழுவாமல் கடைப்பிடிக்கிறேன்.

கொலைக்கதைக்குக் காரணம் இந்த ஊர் ரயில். 1923இல் இரண்டு பெடியள் சேர்ந்து பேர்கன் ரயிலைக் கொள்ளையடிக்கிற கதை ஒன்று எழுதினார்கள். புத்தக விளம்பரத்தைப் பத்திரிகையின் முன்பக்கத்தில் செய்திபோலப் போட, சனம் நிசமான கொள்ளை என்று நம்பிப் பதறிவிட்டது. அன்றிலிருந்து யேசுநாதர் உயிர்த்த நாளுக்கு நாடு முழுக்கக் கொலைக்கதை வாசிக்கிறது. பால் பெட்டியிலேயே துப்பறியும் கதை அச்சடித்து வரும். காலையில் பாலை ஊற்றிக்கொண்டே கொலைகாரன் ஆர் என்று மூத்தவளும் சின்னவனும் அடிபடுவார்கள்.

கடலைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். கடலில் தூண்டில் போட இங்கே அனுமதிப்பத்திரம் வேண்டாம், காசும் இல்லை. ஆனால் அளவு பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கொட் மீன் 40 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் திருப்பிக் கடலில் விட வேண்டும். கோடைகாலத்தில் மக்கரல் வரும், அது எங்கள் கும்பளாவின் ஒன்றுவிட்ட சகோதரம். ஜூனில் இரவு பதினொரு மணிக்குத்தான் சூரியன் மறையும், அதுவரை துறையில் நிற்கலாம். நான் மனமொத்துச் செய்கிற ஒரே நோர்வே ஓய்வு இதுதான். தமிழனை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததும் மீன்தானே. குருநகர் அந்தோனி ராஜேந்திரம் 1956இல் வந்து, பிறகு 1967இல் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கி வலைத் தொழிற்சாலையை ஊருக்குக் கொண்டு போனவர். அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ பெடியள் வடக்கே மீன் தொழிற்சாலைகளில் விரல் விறைக்க நின்றுதான் வீட்டுக்குக் காசு அனுப்பினார்கள். ஒரே ஒரு குறை. பிடித்த கொட் மீனை நோர்வேக்காரர் உப்புத் தண்ணீரில் அவித்து, வெண்ணெயை உருக்கி ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். மஞ்சள்கூட இல்லை. செத்த மீனுக்கு இரண்டாம் தடவை செய்கிற அநியாயம்.

கடலில் குளிப்பதும் உண்டு, அதுவும் மாரியில். மரத் தெப்பத்தில் சூட்டறை கட்டி மிதக்க விட்டிருக்கிறார்கள். அதற்குள் வெந்து, கதவைத் திறந்து ஆறேழு பாகைத் தண்ணீருக்குள் குதித்து, கத்தி, திரும்ப ஓடிப்போய் வேகிறார்கள். உங்கள் மருமகள் இதில் சேர்ந்துவிட்டாள். ஊரில் மார்கழித் திருவெம்பாவைக்குக் கிணற்றில் அள்ளிக் குளிக்கக் கிடாரத்தில் சுடுதண்ணீர் கேட்டவள். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கிறேன், அதுவும் ஒரு பொறுப்பான வேலைதான்.

சின்னவன் புவேகொர்ப்ஸில் இருக்கிறான். 1850களில் தொடங்கிய, இந்த ஊருக்கே உரிய சிறுவர் படை அது. வசந்தம் பிறந்தால் தெருத்தெருவாக மேளம் அடித்துக்கொண்டு வருவார்கள். சில படைகளுக்கு வில்லு, சில படைகளுக்கு மரத்துவக்கு. துவக்குக்குப் பயந்து நாடுவிட்டு ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளை மரத்துவக்கைத் தோளில் வைத்து நடக்கிறதைக் கண்டு முதல்நாள் எனக்கு நெஞ்சு திக்கென்றது. இப்போது மேளச் சத்தத்துக்கு மட்டும்தான் பயம்.

பந்தடியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர்க் கழகத்தின் பெயர் பிரான். 1963இல் லீக் வென்றபின் அடுத்த வெற்றிக்கு 2007வரை, 44 வருடம், மழைக்குள் நின்று காத்திருந்த சனம் இது. ஏழு மலை ஏறுகிறவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.

இவர்களுக்கு ஏன் இந்த மலையேறுகிற விசர் என்று நானும் யோசித்திருக்கிறேன். மார்கழியில் காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னர்தான் விடியும், பின்னேரம் மூன்றரைக்கு இருண்டுவிடும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தால் மனிசன் சுவரோடு கதைக்கத் தொடங்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் பெரும்பாலும் பூட்டு, சனி மாலை ஆறு மணிக்குப் பின் கடையில் பியரும் விற்கமாட்டார்கள். மிஞ்சுவது மலைதான். ஆகவே விசர் என்று சொன்னதைத் திருப்பி எடுக்கிறேன். பாதி விசர்.

நீங்களும் மாமியும் வருகிற ஜூனில் வருவதாகச் சொன்னீர்கள். கட்டாயம் வாருங்கள். குடை கொண்டுவர வேண்டாம். மாமி ஃப்ளோயனுக்கு ரயிலில் போகட்டும், வாஃபிள் உரிமையை நான் வாங்கித் தருகிறேன். உங்களை நடத்தித்தான் கூட்டிப் போவேன், செருப்போடு ஏற முடியாது. உங்கள் கால் அளவை ஒரு கடதாசியில் கீறி அனுப்புங்கள், சப்பாத்தை மலிவு விற்பனை முடிய முதல் வாங்கி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்