கடலை மாவு காலி

நேற்று சாயங்காலம் நல்ல மழை. வாழைக்காய் சீவியாகிவிட்டது, எண்ணெயும் காய்ந்துவிட்டது. கடலை மாவு டப்பாவைத் திறந்தால் காலி. கூடத்தில் மகளும் மகனும் மாவு பூசிய மூக்கோடு மின்விசிறிக்கு அடியில் காய்ந்துகொண்டிருக்கிறார்கள். கரும்புள்ளி போகணுமாம்.

மூக்கில் ஒட்டிப் பிய்க்கிறார்களே ஒரு பட்டை, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் இந்த மாவு விவகாரம்.

எங்கள் வீட்டில் அடுக்களைச் சாமான் எதுவும் இப்போது வயிற்றுக்கு வருவதில்லை. முதலில் தயிர் போயிற்று. அப்புறம் தக்காளி, அதுவும் விலை ஏறிக் கிடந்த வாரத்தில். ரசத்துக்கு வைத்திருந்த எலுமிச்சை மூடி சர்க்கரையைத் தொட்டுக்கொண்டு கன்னத்தில் உருண்டது. முட்டையில் வெள்ளைக்கரு மூக்குக்கு, மஞ்சள்கரு எனக்கு. அரிசி மாவு தீர்ந்து வாசலில் கோலம் நின்றது. டிகாக்‌ஷன் இறங்கிய காபிச் சக்கையைக்கூட விடவில்லை. ரோஜாச் செடி ஏமாந்தது. ஆப்பச் சோடாவைக் குழைத்துத் தேய்த்த அன்று மகனின் மூக்குதான் உப்பியது, ஆப்பம் உப்பவில்லை. பெருங்காயம் ஒன்றுதான் பாக்கி. அதையும் எவராவது வீடியோவில் சொல்லிவிடுவார்கள். பட்டைக்கு வருகிறேன், பொறுங்கள்.

"இதெல்லாம் அழுக்கை எடுக்குதுப்பா" என்கிறாள் மகள். கரும்புள்ளி அழுக்கே இல்லையம்மா! மயிர்க்காலில் எண்ணெய்ப் பசையும் செத்த தோல் அணுக்களும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. துளையின் வாய் திறந்திருப்பதால் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. எத்தனை தரம் கழுவினாலும் கறுப்புதான். ஆவி பிடித்தால் துளை திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பது இன்னொரு கதை. திறந்து மூட அங்கே தசை கிடையாது. எலுமிச்சைச் சாறு தோலை எரிக்கும். தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளிக்கவும் செய்யும்.

இதைச் சொன்னால், "முதல்ல உங்க மூக்கைப் பாருங்க" என்கிறாள் மனைவி. பார்க்காமல் என்ன? சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஸ்கூட்டர் கண்ணாடியில் அதைத்தானே பார்க்கிறேன். நீங்களும்தான். மூக்கில் வரிசையாகத் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகளில் பல, கரும்புள்ளியே அல்ல. எண்ணெய் வெளியேறுகிற வழி. நான் சொல்ல வந்த பட்டையை ஒட்டிப் பிய்த்தாலும், பிதுக்கினாலும் ஒரு மாதத்துக்குள் மறுபடி நிரம்பிவிடும்.

நிஜக் கரும்புள்ளிக்கு மருந்துக்கடையில் 2 சதவீத சாலிசிலிக் அமிலம் கிடைக்கிறது. எண்ணெயில் கரைவதால் அடைப்புக்குள் இறங்கும். அது போதாதென்றால் தோல் மருத்துவர் 0.1 சதவீத அடாபலீன் எழுதித் தருவார். ராத்திரியில் மெல்லிசாகத் தடவணும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. தலையிலிருந்து நெற்றிக்கு வழிகிற எண்ணெயையும் துடைத்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். நடுவில் தோல் கொஞ்சம் உரியும். அப்போது பார்த்து யாராவது தயிர் தடவச் சொல்வார்கள். தயவுசெய்து சாதத்தில் ஊற்றிச் சாப்பிடுங்கள்.