நியூட்ரல் எய்தும் நெறி: பேட்டரி இறங்கிய கார் குறித்த ஓர் ஆராய்ச்சி

பேட்டரி இறங்கிய கார் என்பது, தானும் ஓடாது பிறரையும் ஓடவிடாது வழியை மறித்து நிற்கும் பொருளாகும். அதனைத் தள்ளி ஓரங்கட்டுவதற்கு முதற்கண் நியூட்ரலுக்குக் கொணர்தல் வேண்டும். நியூட்ரலாவது, எஞ்சினின் பிடியிலிருந்து சக்கரங்கள் விடுபட்டுத் தம் போக்கில் உருளும் துறவு நிலை. அதனை எய்தும் நெறி, காரின் குலத்தைப் பொறுத்து இருவகைப்படும்.

முதல் வகை, கிளட்ச் உடைய கார். அதன் கியரை மாற்றக் கைவலிமையே போதுமாதலால் மின்சாரத்தின் தயவு வேண்டப்படுவதில்லை. கிளட்சை மிதித்து, கியரை நடுவில் நிறுத்தி, அது இடமும் வலமும் தளர்ந்து ஆடக் கண்டால் நியூட்ரல் கைகூடியது எனக் கொள்ளலாம்.

இடர்ப்பாடு முழுவதும் இரண்டாம் வகையாகிய ஆட்டோமேட்டிக் காரிடத்தேதான். 'பி' என்னும் நிறுத்த நிலையில், கட்டைவண்டிக்கு இட்ட முட்டுக்கல்லைப் போல, கியர்ப் பெட்டிக்குள் ஓர் எஃகுக் கொண்டி பற்சக்கரத்தில் விழுந்து காரைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக்கை மிதித்தாலன்றி அந்நிலையிலிருந்து கியர் நகராதபடி காவல் நிற்பது சாலினாய்டு, அதாவது மின்சாரம் பாயும்போது மட்டும் காந்தமாகும் கம்பிச்சுருள். மின்சாரம் அற்றவழி, எத்துணை மிதித்தும் பயனில்லை. இக்காவல் பரவிய வரலாறு வருமாறு: 1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தாமே பாய்ந்தன என்று எழுந்த புகார்களை ஆராய்ந்த அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம், பிரேக்கென எண்ணி ஆக்சிலரேட்டரை மிதித்ததே தலையாய காரணமென 1989இல் முடிவுகூறியது. அச்சர்ச்சையால் பரவிய இக்காவல், 2010 செப்டம்பர் முதல் அங்கே கட்டாயமுமாயிற்று. எனவே எவரோ கால் மாற்றி மிதித்த வினைப்பயனைப் பேட்டரி இறங்கியவர் அனுபவிக்கிறார் என்பது பெறப்படும்.

இதற்குத் தீர்வு கூறுவோர் மூன்று மரபினர். நான்குபேர் சேர்ந்து தள்ளினால் நகரும் என்பது அடுக்ககக் காவலாளி மரபு. எஃகுக் கொண்டி ஆள்கணக்கு அறியாதாதலால் அது பொருந்தாது. உரிமையாளரைக் கூப்பிடுக என்பது சங்கச் செயலாளர் மரபு. உரிமையாளரும் அறியாராதலால் அதுவும் பொருந்தாது. ஸ்குரூடிரைவர் கொண்டுவருக என்பது மெக்கானிக் மரபு; அதுவே கொள்ளத்தக்கது. ஏனெனில் பல கார்களில் கியரின் அருகே நகமளவு மூடி ஒன்றுண்டு. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஸ்டீயரிங் பூட்டு நீங்கச் சாவியைத் திருப்பி, மூடியை நெம்பி, பிரேக்கை மிதித்தவாறே துளையினுள் ஸ்குரூடிரைவரை அழுத்தினால் கியர் 'என்' என்னும் நியூட்ரல் நிலைக்கு இணங்கும். மூடியின் இருப்பிடம் காருடன் தரப்பட்ட கையேட்டில் உள்ளது. கையேடோ உறை பிரிக்கப்படாமல் டேஷ்போர்டுப் பெட்டியில் உள்ளது.

புறனடை: பொத்தானால் கியர் மாற்றும் கார்கள் பலவற்றுக்கு இந்நெறி செல்லாது; அவற்றுக்கு வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள்வழி மின்சாரம் ஊட்டுதலே வழி. எஞ்சின் ஓடாதபோது இரண்டொரு மிதிக்குப்பின் பிரேக் இறுகும், ஸ்டீயரிங்கும் கனக்கும். ஆதலின் உள்ளே வலியவர் ஒருவர் அமர்தல் வேண்டும். ஹேண்ட்பிரேக்கை விடுவித்தல் யாவற்றினும் இறுதிச் செயலாதல் வேண்டும். சரிவான இடத்தில் இவ்வரிசை பிறழின், காரைத் தள்ளுதற்கு ஆள் வேண்டா, பிடித்தற்கே வேண்டும்.