ஓரம் வெட்டிய வாக்னர், எட்டு மார்க்

ஹோனஸ் வாக்னர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியில் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றவர். ஷார்ட்ஸ்டாப் என்றால் என்ன என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் அவர் பெரிய ஆள். இந்தக் கதைக்கு அது போதும்.

1909-ல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைச் செருகி விற்கத் தொடங்கியது. வாக்னரிடம் சம்மதம் வாங்கித் தந்தால் 10 டாலர் என்று ஒரு பத்திரிகைக்காரரிடம் பேசினார்கள். வாக்னர் மறுத்துவிட்டார். பாவம், நம்மால் இந்த மனிதருக்கு வரும்படி போகக் கூடாது என்று தன் பணத்திலேயே 10 டாலருக்கு ஒரு செக்கையும் அனுப்பிவைத்தார். அட்டைக்கு ஆசைப்பட்டுப் பொடிப்பயல்கள் சிகரெட் வாங்குவார்களே என்ற நல்லெண்ணம்தான் காரணம் என்று ஒரு கட்சி. கம்பெனி துட்டு கொடுக்காததுதான் காரணம் என்று எதிர்க்கட்சி. வாக்னர் புகையிலை மெல்லுபவர், சுருட்டுப் பெட்டி மேல் முகம் காட்டியவர் என்பதால் எதிர்க்கட்சிக்கு இன்றும் ஆள் சேர்கிறது. எப்படியோ, அச்சு நின்றது. இன்று எஞ்சியிருப்பது 50, 60 அட்டைகள் என்பது பொதுவான கணக்கு.

அதில் ஒன்று 1985-ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஓர் அட்டைக் கடைக்கு வந்தது. ஆரஞ்சு நிறப் பின்னணி, நடுவகிடு எடுத்த தலை, சட்டையில் ஊர்ப் பெயர். ஒன்றரை அங்குல அகலம்கூட இல்லாத அந்தத் துண்டை பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 25,000 டாலருக்கு வாங்கினார். வாங்கியவர் சும்மா இருந்திருக்கலாம். ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தது அவர் கண்ணை உறுத்தியது. வெட்டி நேராக்கினார். எழுபத்தைந்து வருஷம் பழுப்பேறிய அட்டைக்கு, நேற்று அச்சகத்திலிருந்து வந்தது போல நாலு கூர்மையான மூலைகள் கிடைத்தன. இரண்டே வருஷத்தில் அதை 1,10,000 டாலருக்குத் தள்ளிவிட்டார். சலூன்காரர்கள் யாரும் ஒரு கட்டிங்கில் இவ்வளவு சம்பாதித்ததில்லை.

1991-ல் அது சதபீஸ் ஏலத்துக்கு வந்தது. ஐஸ் ஹாக்கி சக்கரவர்த்தி வேய்ன் கிரெட்ஸ்கியும், அவர் ஆடிய லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணியின் முதலாளி புரூஸ் மெக்னாலும் கூட்டாக 4,51,000 டாலர் கொடுத்து எடுத்தார்கள். முதலாளி கூப்பிட்டால் ஆட்டக்காரர் போகாமல் இருப்பாரா? பிறகு முதலாளி வங்கிகளை 23 கோடி டாலருக்கு மேல் ஏமாற்றிய வழக்கில் உள்ளே போனது தனிக்கதை.

அதே 1991-ல் பி.எஸ்.ஏ. என்ற கம்பெனி பிறந்தது. நாணயங்களுக்குத் தரச்சான்று கொடுத்துக் கொழித்த கூட்டம், அட்டைக்கும் அதையே செய்யலாம் என்று இறங்கியது. அட்டையை அனுப்பினால் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் தருவார்கள். புதுக்கடைக்கு ஒரு ராசியான போணி வேண்டாமா? வாக்னர் வந்தார். சான்றிதழ் எண் ஒன்று. மார்க் எட்டு. வெட்டிய அட்டைக்கு மார்க்கே கிடையாது என்பது அவர்கள் விதி. வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் போட்டோம் என்று, மார்க் போட்டவர்களில் ஒருவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஹாக்கி சக்கரவர்த்தியின் அட்டைக்குச் சைபர் போட்டுக் கடையைத் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும், சொல்லுங்கள்.

1995-ல் வால்மார்ட் கூட்டணி அதை 5,00,000 டாலருக்கு வாங்கி, பரிசுக் குலுக்கலில் வைத்தது. விழுந்தது ஃபுளோரிடாவில் தபால் இலாகாவில் வேலை பார்த்த ஒரு பெண்மணிக்கு. அமெரிக்காவில் பரிசுக்கும் வருமான வரி உண்டு. தபால் சம்பளத்தில் யானையைக் கட்டித் தீனி போட முடியுமா? 1996-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6,41,500 டாலருக்கு விற்று நிம்மதியானார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒரே புத்திசாலி அவர்தான்.

இதற்குள் ஈபே வந்துவிட்டது. தடவிப் பார்க்காமல், முகர்ந்து பார்க்காமல், எங்கோ இருக்கும் முகம் தெரியாதவனிடம் போட்டோவை மட்டும் பார்த்து அட்டை வாங்கும் காலம். 'மூலை சூப்பராக இருக்கும் சார்' என்று விற்பவன் சத்தியம் செய்தால் யார் நம்புவார்கள்? அங்கேதான் பிளாஸ்டிக் பெட்டி தெய்வமானது. ஒன்பதுக்கும் பத்துக்கும் பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒன்பது வாங்கியவன் பெட்டியை உடைத்து, அதே அட்டையைத் திரும்ப அனுப்பி, இந்தத் தடவை பத்து விழாதா என்று வேண்டிக்கொள்வான். சில சமயம் விழும்! அட்டை தேறவில்லை, வாத்தியார் மாறியிருப்பார்.

2000-ல் ஈபே வழியாக நடந்த ஏலத்தில் நம் எட்டு மார்க் வாக்னர் 12,65,000 டாலருக்குப் போனார். 2007-ல் முதலில் 23,50,000. சில மாதத்தில் 28,00,000. கடைசியாக வாங்கியவர் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் பேஸ்பால் அணியின் முதலாளி கென் கெண்ட்ரிக்.

மாஸ்ட்ரோவும் இதற்குள் நாட்டிலேயே பெரிய விளையாட்டுப் பொருள் ஏலக்காரராக வளர்ந்திருந்தார். தன் ஏலத்தில் தன் ஆட்களையே விட்டு விலையை ஏற்றிவிட்டார் என்று எஃப்.பி.ஐ. பிடித்தது. 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, ஆமாம், அந்த வாக்னரை வெட்டியதும் நான்தான் என்று சேர்த்துச் சொன்னார். 2015-ல் 20 மாதச் சிறை.

பூகம்பம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. ஊரறிந்த ரகசியத்துக்குக் கோர்ட்டு முத்திரை விழுந்தது, அவ்வளவுதான். 2022-ல் இன்னொரு வாக்னர், பத்துக்கு வெறும் இரண்டு மார்க் வாங்கிய நொந்த அட்டை, 72,50,000 டாலருக்கு விற்றது.

நீங்கள் ஓரம் வெட்டிய அட்டை ஒன்றை இப்போது மதிப்பீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். வெட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து, மார்க் போடாமல் திருப்பிவிடுவார்கள். கட்டணம் திரும்ப வராது.