பெயர் சூட்டுவோரின் பெயர்

இணையதளம் ஒன்றில் எந்தச் செய்தி எந்தத் தலைப்பின்கீழ் அமைய வேண்டும் என வகுப்பது தகவல் கட்டமைப்பு என்றும், அதைத் தேடி வருவோர் எங்கே திகைத்து நிற்கிறார்கள் என அருகிருந்து கவனிப்பது பயனர் ஆய்வு என்றும் வழங்கப்படும். கட்டடக்கலை பயின்ற ரிச்சர்ட் சால் வர்மன் 1976இல் முன்வைத்த ‘தகவலின் கட்டடக்கலை’ என்னும் கருத்து, லூயிஸ் ரோசன்ஃபெல்ட், பீட்டர் மோர்வில் இருவரும் எழுதி 1998இல் வெளிவந்த, அட்டையில் பனிக்கரடி வீற்றிருக்கும் நூலுக்குப் பின் பலருக்குச் சோறுபோடும் தொழிலாயிற்று.

தலைப்புகளைச் சீட்டுகளில் எழுதிப் பயனரிடம் கொடுத்து, அவர் மனம்போல் அடுக்கச் செய்யும் ‘சீட்டு அடுக்கல்’ இத்துறையின் பெயர்பெற்ற முறை. இணையதளத்தை ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே அதன் பெரும்பாலான குறைகள் புலப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது இத்துறையின் வேதவாக்கு. அந்த ஐவரும் கண்ட குறையை ஆறாமவராகிய மேலாளர் காண மறுப்பார் என்பது மட்டும் அக்கணக்கில் சேரவில்லை. ஊரார் பொருளுக்கெல்லாம் தயங்காமல் பெயர் சூட்டும் இவ்வல்லுநர்கள், தகவல் கட்டமைப்பாளர், பயனர் அனுபவ வடிவமைப்பாளர், தயாரிப்பு வடிவமைப்பாளர் எனத் தம் பதவிப் பெயரை மாற்றி மாற்றி அச்சிட்டுக்கொண்டு, வேலை தேடும்போது எந்தத் தலைப்பின்கீழ்த் தேடுவதென்று தாமே திகைத்து நிற்கிறார்கள். அவர்களை அருகிருந்து கவனிக்கத்தான் ஆளில்லை.