சோம்புத் தட்டு இல்லாத இடத்தில் டிப்ஸ் வைப்பது குறித்த ஒரு விசாரணை

பேரிகைக்கும் பாகலூருக்கும் நடுவே ஒசூர் விமான நிலையம் அமையக்கூடும் என்ற பேச்சு எழுந்த நாள்முதல் எங்கள் ஊர் டீக்கடைகளில் நில விலையைத் தவிர வேறு பிரஸ்தாபமே இல்லை; ஆனால் 2024 ஜூனில் சட்டசபையில் அறிவிக்கப்பட்ட, 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கென்று திட்டமிடப்பட்ட அந்த நிலையத்தில் லவுஞ்சு என்று ஒன்று இருந்தே தீரும் என்பதையும், அங்கே தட்டெடுக்கும் பையனுக்குக் காசு கொடுப்பதா வேண்டாமா என்ற தர்மசங்கடம் பாகலூராரையே முதலில் வந்து பிடிக்கும் என்பதையும் ஒருவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை. பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய நிலையம் கூடாதென்று அதன் ஒப்பந்தமே குறுக்கே நிற்பதால், விஷயத்தைச் சாவகாசமாக ஆராயலாம்.

இந்த வஸ்துவுக்கு நாம் வழங்கும் பெயர்களில் இனாமும் மாமூலும் அரபியிலிருந்து வந்தவை, பக்ஷீஸ் பாரசீகம், டிப்ஸ் ஆங்கிலம். ஒரு காலத்தில் கிராமம் கிராமமாக நிலத்தைக் குறித்த இனாம் இன்று கொசுறுக் கறிவேப்பிலை அளவுக்கு இளைத்துவிட்டது. மாமூல் இளைக்கவில்லை, அதைப் பற்றி இங்கே பேசுவது உசிதமன்று.

எங்கள் ஊர் மெஸ்ஸில் இந்தச் சாஸ்திரம் பூரணமாக வளர்ந்திருக்கிறது. 130 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 150 கொடுத்தால், மீதியை ஒற்றை இருபதாகக் கொண்டுவராமல் இரண்டு பத்தாக மாற்றி, சோம்புத் தட்டில் விசிறிபோல் விரித்து, தட்டை மேஜையில் வைத்த கணமே சுவரிலுள்ள காலண்டரைப் பார்க்கத் தொடங்குகிறார் சர்வர். நாமும் ஏதோ சோம்பு எடுப்பவர்போல் விரலை நீட்டி, ஒரு நோட்டை எடுத்து மற்றதை மறந்துவிடுகிறோம். கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. நடுவே நின்று இருவர் மானத்தையும் சோம்பு காப்பாற்றுகிறது.

லவுஞ்சிலோ பில் இல்லை, மீதி இல்லை, ஆகவே சோம்பும் இல்லை. வாசலில் கார்டைத் தேய்த்தால், சில கார்டுகளுக்கு 2 ரூபாய் பிடித்தம், அவ்வளவே. பில்லில் பத்தில் ஒரு பங்கு என்ற பொது விதியைப் பிரயோகித்தால் 20 காசு வைக்கவேண்டும். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமற்போய்விட்டபடியால் விதியை அனுசரிப்பது சட்டப்படி அசாத்தியம். தவிரவும், 1939-இல் நியூயார்க் லாகார்டியாவில் ஒரு விமானக் கம்பெனி முதன்முதலாக லவுஞ்சு திறந்தபோது, அழைக்கப்பட்ட அதிதிகளுக்காகவே அதை நடத்தியது. விருந்துக்குப் போன வீட்டில் பரிமாறியவர் கையில் காசைத் திணிப்பார் உண்டோ?

ஆயினும் அனுபவமே பிரமாணம் என்று கருதி, தேவனஹள்ளியில் (அதன் பக்கத்திலும் ஒரு பாகலூர் உண்டு; அது எங்களுடையதன்று) தயிர்சாதக் கிண்ணத்தின் அடியில் ஐம்பது ரூபாயைச் செருகி, காலண்டர் ஒன்றும் அகப்படாமல் கூரையைப் பார்த்தபடி வெளியேறினேன். பத்தடி போவதற்குள் பின்னால் காலடி ஓசை. "சார், நிம்ம துட்டு!" என்று மூச்சிரைக்க நீட்டினான் பையன், துட்டு கன்னடத்திலும் துட்டுதான். வாங்கிக்கொண்டேன். ஓடிவந்ததற்காகவாவது அந்த நோட்டை அவனுக்கே கொடுத்திருக்கலாம் என்று தோன்றுவதற்குள் அவன் அடுத்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நோட்டில் ஒரு மூலை மட்டும் தயிரில் நனைந்திருந்தது.