அக்னி மூலையில் வைஃபை

ரவுட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் வையுங்கள் என்று அட்டைப்பெட்டியில் படம் போட்டிருந்தது. படத்தில் இருந்த வீட்டில் ஒரு சோபா, ஒரு பூந்தொட்டி. ஆட்கள் கிடையாது. மாமியார், மருமகள், பெரியப்பா, பீரோ ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட வீடாக இருந்தால் நானும் நடுவில்தான் வைப்பேன்.

எங்கள் வீடு மதுரையில் தாத்தா கட்டியது. ஒன்றரை அடிக் கனத்தில் சுண்ணாம்புச் சுவர். சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அதற்காகத் தாத்தாவைப் புகழாத விருந்தாளி இல்லை. இப்போது வருகிறவர்கள் கூடத்தைத் தாண்டி உள்ளறைக்குப் போனதும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தாத்தாவைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறார்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்தது நாங்கள் இல்லை, ஒயர் இழுக்க வந்த தம்பி. தெருக் கம்பத்திலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்த ஃபைபர் ஒயர், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே தீர்ந்துபோனது. "இதுவரைக்கும்தான் சார் வரும்" என்று அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டு, ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுபடி கூப்பிட்டு நீள ஒயர் போட வைத்தோம். மிஞ்சிய ஒயரை அம்மா கொத்தாக மடித்துப் பழைய ரிப்பனால் இறுக்கிக் கட்டிவிட்டாள். உள்ளே ஓடுவது செம்பு அல்ல, மெல்லிய கண்ணாடி இழை. நெருக்கி மடித்தால் வெளிச்சம் மடிப்பிலேயே கசிந்துவிடும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எரியுதுல்ல? அப்ப வேலை செய்யுதுன்னுதான அர்த்தம்" என்றாள் அம்மா.

ரிப்பனை அவிழ்த்த பிறகுதான் குடும்பக் கூட்டம் தொடங்கியது. பெரியப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாஸ்துவிலும் அவருக்குக் கை உண்டு. "கரண்டுங்கிறது நெருப்பு. நெருப்புக்கு அக்னி மூலை" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். அக்னி மூலை என்றால் தென்கிழக்கு. தென்கிழக்கு என்றால் சமையலறை. ரவுட்டர் ஃபிரிட்ஜ் தலையில் ஏறி உட்கார்ந்தது.

பக்கத்திலேயே மைக்ரோவேவ் அடுப்பு. அதற்குள் எழும்புகிற அலை ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸ், வைஃபையின் பழைய அலைவரிசையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். அடுப்புக் கதவு எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் துளி கசியத்தான் செய்யும். அது உடம்பை ஒன்றும் செய்யாது; ஆன்லைன் வகுப்பைச் செய்யும். பெரியப்பாவின் ஓட்ஸ் கஞ்சி சூடாகும்போதெல்லாம் என் மகளின் கணக்கு டீச்சர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். கஞ்சி வெந்து மணி அடித்ததும் மீதிச் சூத்திரத்தைச் சொல்லி முடித்தார். "அடுப்புதான் காரணம்" என்று சொன்னால் பெரியப்பா நம்புவாரா? டீச்சருக்கு வாயு என்றார்.

இந்தப் பெட்டி 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு அலையையும் அனுப்பும். அதற்கு அடுப்புத் தொல்லை இல்லை, வேகமும் அதிகம். ஆனால் புது மாப்பிள்ளை மாதிரி: கூடத்தில் இருக்கும்வரை அமர்க்களம், சுவரைத் தாண்டி உள்ளே வரக் கூச்சம். 2.4 மெதுவாகத்தான் வரும். ஆனாலும் தாத்தா சுவரைத் துளைத்து எப்படியோ வந்து சேரும். எங்கே போய் நின்றது என்றால், அம்மாவின் பீரோவில். இரும்பு பீரோ, கதவு முழுக்க நிலைக்கண்ணாடி, அம்மாவுக்குச் சீராக வந்தது. இரும்பைத் தாண்டி வானொலி அலை போகாது. கண்ணாடிக்குப் பின்னால் பூசிய உலோகப் பூச்சும் அதைத் திருப்பி அடிக்கும். பீரோவுக்கு அந்தப் பக்கம்தான் என் அறை. பீரோவை நகர்த்தலாமா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. என் மனைவியைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் ஓர் ஆஸ்திரேலியர் கதையைச் சொல்ல வேண்டும். ஜான் ஓசல்லிவன் என்ற பொறியாளர் 1970-களில், வெடித்துச் சாகிற குட்டிக் கருந்துளைகளிடமிருந்து ஏதாவது வானொலித் துடிப்பு வருகிறதா என்று தேடினார். குட்டிக் கருந்துளைகள் அப்படி வெடிக்கக்கூடும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1974-இல் சொல்லியிருந்தார். துடிப்பு கிடைக்கவில்லை. கலங்கிப்போன சமிக்ஞையைத் தெளிவாக்குகிற கணக்கு கைவசமாயிற்று. பிறகு அவரும் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அந்நாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் அவருடைய சகாக்களும், அறைக்குள் சுவரிலும் மேசையிலும் பட்டுத் திரும்பிக் குழம்புகிற அலைகளைப் பிரித்தெடுக்க வழி கண்டார்கள். 1996-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. இன்றைய வைஃபையின் வேகத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மனுஷன் கருந்துளைவரை போனவர். அம்மாவின் பீரோவை மட்டும் பார்த்ததில்லை.

கடைசியில் கூடத்துப் பரண்தான் பொது இடமாக அமைந்தது. பெரியப்பா திசைகாட்டியை வைத்துப் பார்த்து, பரணிலும் ஓர் அக்னி மூலை உண்டு என்று கண்டுபிடித்துச் சமாதானமானார்.

அடுத்தது கடவுச்சொல். குறைந்தது எட்டு எழுத்து வேண்டும் என்றது பெட்டி. குலதெய்வத்தின் பெயரை வைத்துவிடலாம் என்றார் பெரியப்பா. "வர்றவன் போறவன்லாம் எச்சிக்கையோட சாமி பேரை அடிக்கவா?" என்று அம்மா மறுத்தாள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து, எந்தத் திருடனாலும் ஊகிக்க முடியாத ஒன்றை மகள் உண்டாக்கிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த சித்திக்கு, முற்றத்தில் நின்று பெரியப்பா அதை எழுத்தெழுத்தாகக் கத்திச் சொன்னார். எதிர்வீட்டு அண்ணாச்சி தம் வாசலில் இருந்தபடியே, "கடைசில போட்டது அஞ்சா, ஒம்பதா?" என்று கேட்டார்.

வைஃபை வந்ததும் மனைவி நெடுநாள் குறையை எடுத்தாள். கல்யாண வீடியோ, பிள்ளை பிறந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் ஒரே ஒரு கிழட்டு லேப்டாப்பில் கிடக்கின்றன. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்கிவந்தேன். கணினியில் செருகினால் 931 என்று காட்டியது.

"அளவு குறையுதே! கடைக்காரன்கிட்ட கேக்க மாட்டியா?" என்றாள் அம்மா.

கடைக்காரர் மேல் தப்பில்லை. டிஸ்க் செய்கிறவர்களுக்கு ஒரு டெராபைட் என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை ஆயிரத்தால் வகுக்காமல் 1024-ஆல் திரும்பத் திரும்ப வகுக்கிறது. அதனால் 931 ஜிபி. ஒரு பைட்கூடக் குறையவில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். காய்கறிக்காரரும் இப்படித்தான் சொல்வார் என்று அம்மா முடித்துவிட்டாள். 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் 50 தட்டுகள், எடை ஏறக்குறைய ஒரு டன், கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்றைய போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்கே அது சரியாகிவிடும். அந்தக் காலத்தில் அம்மா இதை வாங்கியிருந்தால் எடை போட்டுத்தான் வாங்கியிருப்பாள், ஏமாற்றம் இருந்திருக்காது.

படங்களைக் காப்பவர்களுக்கு 3-2-1 என்று ஒரு விதி உண்டு: மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் எதற்கு என்று மனைவி கேட்டாள். பிக்சாரின் 'டாய் ஸ்டோரி 2' கதையைச் சொன்னேன். 1998-இல் யாரோ தவறான கட்டளை கொடுக்க, படத்தின் பெரும்பகுதி கணினியிலிருந்து அழிந்துபோனது. காப்புப் பிரதியை எடுத்துப் பார்த்தால் அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், பிள்ளை பெற்றதால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்து படத்தை மீட்டார்கள். (பிறகு கதை சரியில்லை என்று பெரும்பகுதியைத் திரும்பவும் எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.)

"அப்ப எங்க அம்மா வீட்ல ஒண்ணு வச்சிடலாம்" என்றாள் மனைவி.

"திருநெல்வேலியில என் மக வீடு இருக்கும்போது தேனிக்கு எதுக்கு?" என்றாள் அம்மா.

இந்த இடத்தில் 3-2-1 விதி கைகொடுக்கவில்லை. எந்தச் சம்பந்தி வீடு என்று அதில் எழுதியிருக்கவில்லை. இரண்டு நாள் சாம்பாரில் உப்பு கூடியும் குறைந்தும் வந்தது. கடைசியில் இரண்டாவது டிஸ்க், முறுக்கு டப்பாவோடு திருநெல்வேலி பஸ் ஏறியது.

பொங்கல் கழித்துத் தங்கையிடம் போனில் கேட்டேன், பத்திரமா இருக்கா என்று.

"சூப்பரா இருக்குண்ணே. புது டிவில சொருகுனேன். ஏதோ பார்மேட் பண்ணவான்னு கேட்டுச்சு. மரியாதையா கேக்கும்போது வேணாம்னா சொல்ல முடியும்? இப்ப பாப்பாவோட கார்ட்டூன் முழுக்க அதுலதான் இருக்கு."

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மனைவி வெங்காயம் நறுக்கியபடி, யாரையும் பார்க்காமல், கூடம்வரை கேட்கிற குரலில் சொன்னாள்:

"எங்க அம்மா வீட்டு டிவி பழசு. அது ஒண்ணுமே கேட்டிருக்காது."