களைக்கு ஒரு விலை வை, பேராண்டி

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. டவுன்ல கடற்கரைப் பக்கத்து ஓட்டல்ல ஏதோ தழையைத் தட்டுல பரப்பிக் குடுத்தானாம், 'பூர்ப்பியே சாலட்'டாம், போட்டோ காட்டுறே. பாத்தேன். கண்ணு மங்கினாலும் அந்தச் செவப்புத் தண்டு எனக்குத் தெரியாதா? நம்ம செல்லிப்பட்டுல, ஆத்தோரக் கொல்லையில, கத்திரிப் பாத்திக்கு நடுவுல போன வாரம் மருந்தடிச்சுக் கருக்கினியே பருப்புக்கீரை, அதேதான்டா அது. 1954-ல பிரெஞ்சுக்காரன் ஆட்சியைக் குடுத்துட்டுப் போனான், மெனு கார்டை மட்டும் விட்டுட்டுப் போயிட்டான் போல.

ஆனா நீ செஞ்சது நல்ல காரியம். அப்படியே செய். கொல்லையில அதைக் கொல்ல ஒரு காசு, டவுன்ல அதைத் தின்ன ஒரு காசு. ரெண்டு பக்கமும் செலவு பண்றவனைத்தான் ஊரு மதிக்கும். சும்மா கிடைக்கிறதைத் தின்னா பொண்ணு கூடக் குடுக்கமாட்டான்.

அதை ஒழிக்கவும் ஒரு யோசனை சொல்றேன். போன பட்டத்துல ரொட்டவேட்டர் வுட்டே பாரு, மறுபடியும் வுடு. ஒரு செடியைப் பத்துத் துண்டாக்கினா, ஈரம் பட்டதும் துண்டுக்குத் துண்டு வேர் புடிச்சுக்கும். ஆள் வச்சுப் புடுங்கினா இன்னும் விசேஷம்: வரப்புல கிடந்தபடியே தண்டுல இருக்கிற தண்ணியைக் குடிச்சுக் காயை முத்த வச்சு, விதையைக் கொட்டிட்டுத்தான் சாகும். நல்லாக் கொழுத்த ஒத்தைச் செடி 2 லட்சத்துக்கு மேலயும் விதை போடும். மண்ணுக்குள்ள 40 வருஷம் கிடந்து முளைக்கிற விதையும் அதுல உண்டு. உன் பேரனுக்கும் வேலை மிச்சம் இருக்கு, கவலைப்படாதே.

ஒமேகா-3ன்னு மாத்திரை டப்பா ஒண்ணு வச்சிருக்கியே, அந்தச் சரக்கு இந்தக் கீரையில இருக்குன்னு 1986-லயே அமெரிக்காவுல ஒரு வைத்தியப் பத்திரிகையில எழுதிட்டாங்கன்னு வாத்தியார் சொன்னாரு. இலையில இருக்கிறது ஒரு வகை, மீன்ல இருக்கிறது வேற வகையாம். அதனால கீரையைத் தின்னுட்டு ஞாயித்துக்கிழமை மீன் குழம்பை நிறுத்திடாதே. முக்கியமா எனக்கு அனுப்புற கிண்ணத்தை.

தின்னணும்னு தோணினா இலவசமா ரெண்டு வார்த்தை. மருந்தடிச்ச பாத்திப் பக்கமே போகாதே. கிள்ளிப் பாரு, பால் வந்தா அது சித்திரப்பாலாடை, தூக்கிப் போடு. வெளிர்ஊதாவுல பூத்திருந்தா அது சாரணை, வைத்தியருக்கு வேணும், உன் தட்டுக்கு வேணாம். பருப்புக்கீரைத் தண்டு மொழுமொழுன்னு இருக்கும், இலை தடிச்சு நுனி உருண்டிருக்கும், வெயில் ஏறினா மஞ்சளாப் பூக்கும். விடியக்காலையில பறிச்சா நல்லாப் புளிக்கும், பொழுது சாயப் பறிச்சா புளிப்பு அடங்கியிருக்கும். ராத்திரியில புளிப்பைச் சேத்து வச்சுப் பகல்ல செலவழிக்கிற செடி அது. உன் பாட்டி காலையில பறிச்சா குழம்புல புளியைக் குறைப்பா, எந்தக் காலேஜுல படிச்சாளோ.

பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளின மிளகா. வெந்ததும் மத்தால கடைஞ்சு, கடுகு தாளிச்சா ஆச்சு. பச்சையாத்தான் வேணும்னா துருக்கிக்காரன் மாதிரி பூண்டு நசுக்கின தயிர்ல போட்டுக்கோ. நம்ம பச்சடிதான், அவன் பேரு வேற சொல்றான். தயிர் சேக்குறதுல இன்னொரு லாபம், கீரையில இருக்கிற ஆக்சலேட் உப்பைக் கொஞ்சம் கட்டிப் போடும். அந்த உப்பு இதுல அதிகம்டா. சிறுநீரகத்துல கல்லு இருக்கிறவங்க இதைத் தள்ளி வைக்கணும். உன் மாமனாருக்குக் கல்லு இருக்குன்னு கேள்வி, அவர் வந்தா மட்டும் மறந்தும் சமைச்சுடாதே. பாசத்துல செஞ்சேன்னு சொன்னா உன் பொண்டாட்டி நம்பமாட்டா.

அடுத்த வாரம் டவுனுக்குப் போறியா? போ. ஓட்டல்காரன்கிட்டக் கிலோ என்ன வெலைக்கு எடுப்பான்னு கேட்டுட்டு வா. அதுவரைக்கும் மருந்தடிக்காத அந்தாண்டப் பாத்தியில நானே வந்து பறிச்சுக்கிறேன். கீரைக்குக் காசு குடுக்கமாட்டேன், களை எடுத்த கூலியை மட்டும் சாயங்காலமே குடுத்துடு.